முட்டை தோலாக வந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்: கடலோரக் கொல்லையில் கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். கொல்லையில் ஐந்து பெட்டை, ஒரு சேவல் என்று தொடங்கினேன். இப்போது ஒன்பது பெட்டை நிற்கின்றன. தொடங்கிய வருஷம் ஒரு கோழி சோர்ந்து உட்கார்ந்தாலே மருந்துக் கடைக்குத்தான் போவேன். பெரிய பண்ணைக்காரர்கள் சொல்லும் யோசனைகளை எழுதி வைத்துக்கொண்டு அப்படியே செய்வேன். அந்த யோசனைகளில் தப்பில்லை, ஆனால் அவை உள்நாட்டுக்குச் சொன்னவை. நம் பக்கத்தில் கிணற்றில் உப்பு, காற்றில் உப்பு, மணலில் உப்பு, தீவனத்தில் கலக்கிற மீனிலும் உப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடுகிறது. அதனால் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். உங்கள் கோழிக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்ப் படிக்கலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு வேலை. எந்தக் கோளாறாக இருந்தாலும் அந்தக் கோழியைப் பிடித்துத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். மற்ற கோழிகளுக்குத் தொற்றாது, எச்சம் எப்படிப் போகிறது என்றும் தெளிவாகத் தெரியும். கவிழ்ப்பதற்கு முன் கையில் வைத்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் நோய் புதிது. கத்தி முனை மாதிரி எலும்பு துருத்தினால் பல நாளாக உள்ளுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை, கொண்டையின் நிறம், வால் அடியில் ஒட்டியிருக்கும் எச்சம், இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை தோலாக வருகிறது, அல்லது ஓடு மெலிந்து நொறுங்குகிறது

முதல் தோல்முட்டையை நான் உமிக்குள் கை விட்டுத் துழாவும்போதுதான் கண்டேன். வெதுவெதுவென்று, ஈரத்தோடு, விரல் பட்ட இடத்தில் குழிந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு அசைவது தெரிந்தது. தூக்கும்போது தன் எடையில் தானே ஒரு பக்கம் தொங்கியது. அடுத்த வாரம் மூன்று கோழி அப்படிப் போட்டன. கால்சியம் டானிக் வாங்கி ஊற்றினேன், மாற்றமே இல்லை. பக்கத்து வீட்டு ஆத்தாதான் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள்.

"ஏத்தா, கோழிக்கு என்ன தண்ணி வைக்கிற?"

"அடிபம்புத் தண்ணிதான் ஆத்தா."

"அத நீ குடிப்பியா?"

"எப்புடி ஆத்தா குடிக்க, உப்புக் கரிக்குமே."

"பெறகு அது மட்டும் எப்புடித்தா குடிக்கும்?"

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. உப்புத் தண்ணீர் குடிக்கிற கோழிக்குத் தீவனத்தில் கால்சியம் போதுமானதாக இருந்தாலும் முட்டை ஓடு கெடும். ஓடு உருவாகிற பைக்குள் சுண்ணாம்புச் சத்து சேர்வதையே அந்த உப்பு தடுக்கிறது. இதற்குக் கடல்நீர் அளவு உப்பு வேண்டாம், நாக்கில் லேசாகக் கரிக்கிற தண்ணீரே போதும்.

ஆகவே முதல் வேலை, கோழிக்கு வைக்கிற தண்ணீரை நீங்கள் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது. சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1,000க்குக் கீழே காட்டினால் கவலை வேண்டாம். 1,000 முதல் 3,000 வரை கோழி குடித்துச் சமாளிக்கும், ஆனால் எச்சம் இளகும், முட்டைக் கோழிக்கு ஓடும் மெலியலாம். 3,000ஐத் தாண்டினால் கோழிக்கு ஆகாத தண்ணீர். 5,000க்கு மேல் போனால் அதை வைக்கவே கூடாது. ஒரே ஊரில் இரண்டு தெருவுக்குள்ளேயே இந்த எண் தலைகீழாக மாறும். கோடை முற்ற முற்ற அதே கிணற்றிலும் ஏறும். ஏப்ரலில் ஒரு தரம், மழைக்குப் பிறகு ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும், கோடையில் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒன்பது கோழிக்கு வெயில் நாளிலும் நாலரை லிட்டர்தான் ஆகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ, வண்டியில் வரும் தண்ணீரோ, ஒரு குடம் மூன்று நாளைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுக் கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துத் துணி கட்டி மூடி வைத்தால் இன்னும் நல்லது. முதல் மழையின் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள், கூரையில் படிந்த உப்பெல்லாம் அதில்தான் வரும்.

தண்ணீரை மாற்றிய மறுநாளே ஓடு தேறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு கோழி மூன்று வாரத்தில் தேறின. மூன்றாவது, அந்த ஈடு, அதாவது ஒரு தொடராகப் போடும் முட்டைகள், முடிந்து அடுத்த ஈட்டில்தான் நல்ல ஓடு போட்டது.

தண்ணீர் சரியாக இருந்தும் ஓடு மெலிகிறதா? அப்படியானால் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். சோறு, நொய், கம்பு இவற்றில் அது இல்லை என்றே சொல்லலாம். தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்யும், கடைசியில் கால் தளர்ந்து படுத்துவிடும். கடலோரத்தில் இருந்துகொண்டு இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கிளிஞ்சலை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, உரலில் இடித்து, உடைத்த உளுந்து அளவுக்குப் புடைத்து எடுங்கள். மாவாக்க வேண்டாம். பெரிய துணுக்கு இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். மாவு சீக்கிரம் போய்விடும். தீவனத்தில் கலக்காமல் தனிச் சிரட்டையில், சாயங்காலம் வையுங்கள். முட்டை ஓட்டுப் பைக்குள் ஏறத்தாழ 20 மணி நேரம் இருக்கும். பெரும்பகுதி ஓடு ராத்திரியில்தான் படிகிறது, கோழி தூங்கும் நேரத்தில் உள்ளே சுண்ணாம்பு இருக்க வேண்டும். எத்தனை வேண்டுமோ அதைக் கோழியே அளந்து தின்னும்.

இரண்டு எச்சரிக்கை. காளவாயில் சுட்ட சுண்ணாம்பைத் தின்னக் கொடுக்காதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும். கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்கி இடிக்கவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மட்டி, சிப்பி ஓடே நமக்குத் தாராளம்.

சித்திரை வைகாசியில் மட்டும் ஓடு மெலிந்தால் காரணம் வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ஓட்டுக்கு அதுவும் வேண்டியது. நிழலும் காற்றும் கொடுத்தால் சரியாகும். புதிதாக முட்டைக்கு வந்த விடைக்கோழி முதல் இரண்டு மூன்றைத் தோலாகப் போட்டால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

எச்சம் தண்ணீராகப் போகிறது, ஆனால் கோழி துறுதுறுவென்று இருக்கிறது

இது பெரும்பாலும் நோயே இல்லை. தண்ணீரின் உப்பைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது மீன்.

நம் பக்கத்தில் விசைப்படகு வலையில் வரும் பொடி மீனையும் கழிவு மீனையும் சங்காயம் என்போம். அதைக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். புரதத்துக்கு அதைவிட மலிவாக ஒன்று கிடைக்காது. ஆனால் சிலர் கெடாமல் இருக்க உப்புத் தூவிக் காயவைப்பார்கள், சிலர் வெறும் மணலில் பரப்புவார்கள். வாங்கும்போதே ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கருவாடு மாதிரிக் கரித்தால் அதை வாங்காதீர்கள். வாங்கியாகிவிட்டது என்றால் ராத்திரி முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நன்றாகக் காயவைத்து இடியுங்கள். 100 பங்கு தீவனத்துக்கு 5 பங்குக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் முட்டையில் கவிச்சி ஏறும். குழந்தைகள் முட்டையை ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஆகிவிட்டால் மீனை நிறுத்திப் புண்ணாக்குக்கு மாறுங்கள், இரண்டு வாரத்தில் வாடை போய்விடும். கடலைப் புண்ணாக்கு வாங்கினால் கொஞ்சமாக வாங்குங்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும்.

கருவாடு காயப்போடும் களத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உப்புக் கருவாட்டை வயிறு நிறையக் கொத்திய கோழி தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராது, தள்ளாடும், கழியும், செத்தும் போகும். குஞ்சுகள் இன்னும் சீக்கிரம். உடனே நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வையுங்கள். ஒரேயடியாகக் குடிக்க விடாதீர்கள்.

பத்து எச்சத்தில் ஒன்று காப்பிக்கொட்டை நிறத்தில், கூழாக, நாற்றத்தோடு இருக்கும். அது குடல்வாலில் இருந்து வருவது, இயல்பானது. முதல் மாதத்தில் அதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் இல்லை.

கழுத்து ஒருமாதிரி இருக்கிறது

இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறதா, துவண்டு தொங்குகிறதா? இரண்டும் வேறு வேறு.

முறுக்கினால், தலை பின்னுக்குத் திரும்பி வானத்தைப் பார்த்தால், கூடவே பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், மூச்சு இழுத்தால், ஒரு காலோ இறக்கையோ விளங்காமல் போனால் அது கோழிக்கழிச்சல். ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள், டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். இந்தியாவில் முதலில் கண்டுபிடித்த மலையூரின் பெயர் அது. வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கூட்டில் நுழைந்தால் ஒன்றிரண்டு மிஞ்சினாலே பெரிது. வளர்ந்த கோழி பத்து வாங்கி வந்தேன் ஒரு வருஷம். தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று என்று விற்றவர் சொன்னார். எந்த ஊசி, எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளில் எட்டைப் புதைத்தேன். ஆகவே தேதியைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த கோழியை இரண்டு மூன்று வாரம் தனிக் கூட்டில் வைத்த பிறகே மற்றதோடு விடுங்கள். நான் அதையும் செய்யவில்லை.

தடுப்பு முறை இது. குஞ்சு பிறந்த 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து. எட்டாவது வாரம் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வார முகாம் நடத்திக் கொல்லைக் கோழிகளுக்கு இலவசமாகப் போடுகிறது. வெயிலில் இந்த நோய் பரவும் முன்பே போட்டுவிடத்தான் அந்த மாதம். ஊரில் எப்போது வருகிறார்கள் என்று ஜனவரியிலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். மருந்தை நீங்களே வாங்கினால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். சூடு பட்ட தடுப்பு மருந்து வெறும் தண்ணீர்தான். சீக்கான கோழிக்குப் போடாதீர்கள்.

இனித் துவண்டு தொங்கும் கழுத்து. முதலில் கால் தளரும், பிறகு இறக்கை தொங்கும், பிறகு தலை தரையில் விழும், கண் இமை சொருகும். ஆனால் முறுக்கல் இருக்காது, பெரும்பாலும் நினைவும் இருக்கும். இது கடற்கரையில் வருவது. அழுகிய மீனையோ, அதில் நெளியும் புழுவையோ தின்ற கோழிக்கு அந்த அழுகலில் ஊறிய நஞ்சு ஏறுகிறது. புழுவை அந்த நஞ்சு ஒன்றும் செய்யாது, தின்ற கோழியைத்தான் சாய்க்கும். வலை உதறும் இடத்தில் ஒதுங்கிக் கிடக்கும் மீன் எல்லாவற்றையும் புதைத்துவிடுங்கள். சாய்ந்த கோழியை நிழலில், தலை சற்று உயர்ந்திருக்கும்படி சாக்கில் கிடத்தி, விழுங்க முடிந்தால் மட்டும் வெல்லத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

ஒரே நாளில் பல கோழி செத்து, கொண்டை நீலமாகி, முகம் வீங்கியிருந்தால் எதையும் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், கடலில் வீசாதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புண்டு.

முட்டையே போடவில்லை

முதலில் வயது. கிராமப்ரியா மாதிரிக் கலப்பினம் ஐந்து, ஐந்தரை மாதத்தில் தொடங்கிவிடும். நம் நாட்டுக்கோழியான சிறுவிடை ஆறு, ஏழு மாதம் எடுக்கும். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்காரும், அப்படி வருஷத்துக்கு மூன்று நாலு ஈடு. அதனிடம் தினம் ஒரு முட்டை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தினமும் முட்டை வேண்டும் என்பவர்கள் கலப்பினத்தையும், குஞ்சும் வேண்டும் என்பவர்கள் நாட்டுக்கோழியையும் எடுக்கலாம். இரண்டும் கலந்து வைத்திருப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது.

வயது வந்தும் போடாவிட்டால் கோழியைப் பிடித்து வாலுக்குக் கீழே தடவிப் பாருங்கள். இரண்டு சிறிய எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில் இரண்டு மூன்று விரல் போனால், முட்டை வாயும் ஈரமாக அகன்றிருந்தால், அது போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, முட்டை எங்கோ போகிறது. ஒரு விரல்தான் போகிறது, வாயும் சுருங்கிக் காய்ந்திருக்கிறது என்றால் உண்மையிலேயே நிறுத்திவிட்டது.

நிறுத்தியதற்குக் காரணம் தேடும்போது தரையைப் பாருங்கள். கூடெல்லாம் இறகாகக் கிடந்தால் இறகு மாற்றுகிறது. இரண்டு மூன்று மாதம் முட்டை வராது. அந்த நேரத்தில் மீனும் புண்ணாக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், இறகு முழுக்கப் புரதம்தானே. இறகு சரியாக இருந்து, கோழி மெலிந்திருந்தால் குடற்புழு. கால்நடை மருந்தகத்தில் எடை சொல்லி மருந்து வாங்குங்கள், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேளுங்கள். கொழுத்துக் கிடக்கிறது, ரேஷன் அரிசிச் சோறு மட்டுமே தீனி என்றால் வயிறு நிறைந்தும் புரதம் இல்லை. கலப்பினக் கோழிக்கு ஒரு நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் முட்டைக்கோழித் தீவனமோ அதற்கு ஈடான கலவையோ வேண்டும். மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிக்கு அதில் பாதிக்குச் சற்று மேல் போதும்.

மார்கழியில் குறைவது வெளிச்சத்தால். நம் பக்கத்தில் டிசம்பர்ப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் பன்னிரண்டரை. வித்தியாசம் ஒரு மணி நேரம்தான், நாட்டுக்கோழி கண்டுகொள்ளாது. கலப்பினம் கண்டுகொள்ளும். கூட்டில் ஒரு சின்ன எல்இடி பல்பை ராத்திரி எட்டரை வரை எரியவிட்டுப் பாருங்கள்.

அடைக்கு உட்கார்ந்த கோழியைக் கலைக்க மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்கி எடுப்பது எல்லாம் வேண்டாம். அடியில் காற்றுப் போகும் கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனி தண்ணீரோடு நாலு நாள் வைத்தால் அடி வயிற்றுச் சூடு தணிந்து தானே மறந்துவிடும்.

கொக்கரிக்கிற சத்தம் கேட்கிறது, முட்டையைக் காணோம்

சீமைக்கருவேலத் தூருக்குள் புகுந்து பாருங்கள். நான் ஒரு தடவை பதினேழு முட்டை ஒரே குழியில் எடுத்தேன், பாதி கூமுட்டை. ஒரு வாரம் காலை பதினொரு மணி வரை கோழிகளை அடைத்து வைத்தால் கூட்டிலேயே போடப் பழகும். கூட்டின் முட்டைக் குழியில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் போட்டு வையுங்கள், அந்த இடம்தான் என்று கோழிக்குப் பிடிபடும்.

ஓடு, ஈரம் எதுவும் இல்லாமல் முழு முட்டை மறைந்தால் பாம்பு. ஓட்டில் ஓட்டை விழுந்து கிடந்தால் காக்கை. கூட்டில் மஞ்சள் கரு ஒட்டியிருந்து, ஒரு கோழியின் அலகிலும் இருந்தால் அதுவே தின்கிறது. தோல்முட்டை உடைந்து ருசி பிடித்துத்தான் இந்தப் பழக்கம் தொடங்கும், ஆகவே மேலே சொன்ன ஓட்டு விஷயத்தைச் சரிசெய்யுங்கள். சாக்குத் திரை போட்டு முட்டைக் குழியை இருட்டாக்குங்கள், நாளைக்கு மூன்று தரம் முட்டையை எடுத்துவிடுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

பகல் ஒரு மணிக்கு எல்லாக் கோழியும் இறக்கையை அகட்டிக்கொண்டு இரைத்தால் வெயில். ராத்திரியிலும் ஒரு கோழி கொர் கொர் என்றால் சளி அல்லது கோழிக்கழிச்சல், டாக்டரிடம் போங்கள்.

வெயிலுக்கு உள்நாட்டில் தண்ணீரைப் புகையாகத் தெளிப்பார்கள். இங்கே அது வேலைக்கு ஆகாது. கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம், அடைத்த கூட்டில் இன்னும் ஈரம் சேர்ந்தால் புழுங்கிச் சாகும். நமக்கு வேண்டியது காற்றோட்டம். தகரக் கூரை என்றால் மேலே பனை ஓலை போடுங்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கம்பி வலையை மட்டும் விடுங்கள். ஐப்பசியில் வாடை பிடிக்கும்போது வடக்கும் கிழக்கும் ஓலைத் தட்டி கட்டிவிடுங்கள், சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும். மண் சட்டியில் தண்ணீர், நிழலில். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்தும் வையுங்கள், உச்சி வேளையில் வேண்டாம். தின்றது செரிக்கும் சூடும் உடம்பில்தான் ஏறும். சாய்ந்துவிட்ட கோழியின் காலை மட்டும் தண்ணீரில் நிற்க வையுங்கள்.

சாயங்காலம் கூட்டுக்குள் போக மறுக்கிறது

புதுக் கோழியானால் இடம் பழகவில்லை, மூன்று நாள் உள்ளேயே அடைத்து வையுங்கள். பழகிய கோழி திடீரென்று மரத்தில் ஏறினால் கூட்டில் ரத்தம் குடிக்கும் செள்ளுப்பூச்சி இருக்கிறது. பகலில் தேடினால் கிடைக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியோடு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். துணியைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் குங்குமம் இழுவியது மாதிரி சிவப்புக் கோடு விழுந்திருக்கும். அது கோழியின் ரத்தம். அதைக் குடித்துவிட்டுச் செள்ளு விடியும் முன் பலகை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

கோழியைக் குளிப்பாட்டுவதில் பயனில்லை, கூட்டைத்தான் பார்க்க வேண்டும். காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உமியைக் கொளுத்துங்கள். இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் கழித்து, முட்டை பொரித்து வந்ததற்காக, மறுபடி அதையே செய்யுங்கள். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ரத்தம் இல்லாமலே பிழைத்துக் கிடக்கக் கூடியது அது. மழை படாத மூலையில் ஒரு பழைய டயரில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து வைத்தால் கோழி தானே புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். தரைக்குக் கடல் மணல் போடாதீர்கள், அதில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உமி ஒருநாளும் காயாது.

தீனிப்பை காலையிலும் கல்லாக இருக்கிறது

ராத்திரி நிறைந்த பை காலையில் காலியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை என்றால் உள்ளே அடைப்பு. மீனவர் தெருக்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் தங்கூசி நரம்பு, அதாவது மீன்வலையின் நைலான் இழை. வலையின் கிழிசலைப் பொத்தும்போது அறுத்துப் போடுகிற துண்டைப் புழு என்று கோழி விழுங்கிவிடும். அலகில் நரம்பு நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், உள்ளே எதை அறுக்கும் என்று சொல்ல முடியாது. நீட்டியதை அப்படியே விட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். நொண்டுகிற கோழியின் விரல் இடுக்கையும் பாருங்கள். நரம்பு சுற்றி விரல் கறுத்திருக்கும். சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுங்கள். வலை பொத்துகிற இடத்தில் ஒரு டப்பா வைத்து நரம்பை அதில் போடச் சொன்னோம், எங்கள் தெருவில் பிறகு இது வரவே இல்லை.

குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, அல்லது ரத்தமாகக் கழிகின்றன

ஏறிக்கொண்டு கத்தினால் குளிர். பல்பை விட்டு ஓரத்தில் ஒதுங்கினால் சூடு. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் ஈரத் தரையில் பரவும் ரத்தக்கழிச்சல். மருந்து உண்டு, அன்றைக்கே வாங்க வேண்டும், உமியையும் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

கொண்டையிலும் கண் ஓரத்திலும் கொப்புளம்

அம்மை. மழைக்குப் பிறகு கொசு பரப்புவது. கண் ஒட்டிக்கொண்டால் வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துத் தீனியை வாய்க்கருகில் வையுங்கள். மூன்று நாலு வாரத்தில் பொருக்கு உதிரும். வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்தால் மட்டும் ஆபத்து. அடுத்த வருஷத்துக்கு இறக்கைத் தோலில் போடும் அம்மைத் தடுப்பூசி இருக்கிறது.

காலையில் திறந்தால் ஒன்று குறைகிறது

கழுத்திலும் தலையிலும் மட்டும் கடித்து உடலை விட்டிருந்தால் கீரி. பல கோழி சிதறிக் கிடந்தால் நாய். ராத்திரியில் குஞ்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தால் பெருச்சாளி, வளையைத் தேடுங்கள். பகலில் குறைந்தால் பருந்து. மேலே பழைய மீன்வலையைக் கட்டினால் பருந்து இறங்காது. ஆனால் பக்கச் சுவருக்கு அந்த வலையைப் போட வேண்டாம், கீரி அதை ஒரு நிமிஷத்தில் கடித்துவிடும், கோழியும் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். பக்கத்துக்கு அரை அங்குலக் கம்பி வலை, தரைக்குள் ஒரு அடி இறக்கி.

அந்தக் கம்பியும் உப்புக் காற்றில் நீடிக்காது. மேலே பளபளப்பாகத்தான் தெரியும். மண்ணைத் தொடும் இடத்தில், எச்சம் படும் இடத்தில் முதலில் இற்றுவிடும். என் கூட்டில் கீரி நுழைந்த ஓட்டை அப்படி இற்றுப்போன ஒரு சாண் கம்பிதான், வெளியே மண் மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் கூட்டைச் சுற்றி மண்ணைச் சற்று விலக்கி, அடிக் கம்பியைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வருகிறேன். நெளிகிற இடத்தில் அன்றைக்கே பனை மட்டையைச் செருகிக் கட்டிவிடுகிறேன்.